எட்டு மூலையும் ஒன்றுதான்

1984 நவம்பர் 26, திங்கள்

விடியத் தொடங்கிய மழை, இன்னும் விடவில்லை. பள்ளிக்கூட வாசலில் கணுக்கால் தண்ணீர். சோக் எல்லாம் ஈரம். எழுதினால் எழுத்து விழாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

உயர்தரக் கணித வகுப்புக்கு ஆறு பேரும் வந்திருந்தார்கள். மழைநாளில் நான் முதலில் எண்ணுவது இதைத்தான். ஆறுக்குக் குறைந்தால் வகுப்பு இல்லை என்று கல்விக் கந்தோர் சொல்லிவைத்திருக்கிறது. பெண்கள் பாடசாலையில் கணிதப் பிரிவு இந்த வருடம்தான் தொடங்கியது. நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்துவந்து, அதிபராக இருக்கும் பெரிய டீச்சருக்குப் பின்னால் இரண்டு வருடம் அலைந்து வாங்கிய வகுப்பு. ஆம்பிளைப் பள்ளிக்கூடத்தில்தான் கணிதம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எந்த வாப்பா மகளை அங்கே அனுப்புவார்?

பாடம் நேரத்தோடு முடிந்தது. மிச்ச நேரத்தில் பரீட்சைக்கு வராத சங்கதி. உம்மாவின் உடுப்புச் சவர்க்காரத்தில், ஆறு பக்கமும் சதுரமாக, ஒரு சதுரமுகி வெட்டிக்கொண்டு போயிருந்தேன். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஈர்க்கு குத்தி, நான்கு ஈர்க்கு. இதைத் தூக்கித் திருப்பி, திருப்பியதே தெரியாமல் அதே இடத்தில் எத்தனை விதமாக வைக்கலாம் என்று கேள்வி. சாஹிரா 23 என்றாள். இவள் எப்போதும் ஒன்றை விடுவாள், ஒன்றும் செய்யாமல் விடுவதை.

"சும்மா இரிக்கிறதையும் எண்ணணுமா டீச்சர்?"

"எண்ணணும்."

"அப்ப எங்கட காக்காவும் நாள் முழுக்கக் கணக்குத்தான் செய்றார்."

அவளுடைய அண்ணனை எல்லோருக்கும் தெரியும். சிரித்து முடிய நேரம் எடுத்தது. பிறகு ஈர்க்குகளைக் காட்டினேன். சவர்க்காரத்தை எப்படித் திருப்பினாலும் நான்கு ஈர்க்கும் தங்களுக்குள் இடம் மாறுகின்றன. நான்கு பேர் நான்கு கதிரையில் மாறி மாறி உட்காருவது போல. 4×3×2×1, இருபத்துநான்கு. ஒரு திருப்பலுக்குப் பின் இன்னொன்று செய்தால் அதுவும் இந்த இருபத்துநான்குக்குள்தான். எதைச் செய்தாலும் அதைக் கழற்ற ஒன்று உண்டு. இதற்குத்தான் கூட்டக் கொள்கை என்று பெயர் என்றேன். ஆறு பேரும் சவர்க்காரத்தை மாறி மாறி வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். நான் இதை இருபத்தொரு வயதில் கண்டேன். இவர்களுக்குப் பதினேழு.

பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். அடுத்த திங்கள் மீலாத் விழா, நபிகள் பிறந்த நாள். கலைப்பிரிவுப் பிள்ளைகள் பைத்துப் பாட்டுப் படிப்பார்கள். "ஒங்கட கணக்குப் புள்ளையள் வாசலுக்குத் தோரணம், சோடினையச் செய்யட்டும், வேற என்ன வரும் அவங்களுக்கு."

பார்ப்போம் என்ன வருமென்று.

வாங்க: பச்சை டிசுத் தாள், வெள்ளை டிசுத் தாள், கோதுமை மா (பசைக்கு), தங்கூசி நூல். உம்மாவுக்குச் சவர்க்காரம்.

நவம்பர் 29, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வாப்பா காலையிலேயே மாவடிப்பள்ளிக்கு, வயல் வட்டையைப் பார்க்க. வயலுக்குள் தண்ணீர் நின்றால் இந்தப் போகம் போச்சு. அசர் தொழுகைக்கு முன் வந்துவிடவேண்டும், ஏனென்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர் ஒரு மரைக்கார். ஊருக்கு ஒரு பிரச்சினை என்றால் அவர் உட்காராமல் முடியாது. உம்மா சொல்வது: "வட்டைக்கும் பள்ளிக்கும் நடுவுல எனக்கு ஒரு மனிசன்."

பின்னேரம் ஆறு பேரோடும் பள்ளிக்கூடத்தில் தங்கிச் சோடினை வேலை. என் யோசனைதான். சதுரமுகி ஒன்றை நினைத்துக்கொள். அதன் ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூலைவிட்டம். ஆறு முகம், பன்னிரண்டு மூங்கில் குச்சி. கட்டி முடித்துப் பார்த்தால் சதுரமுகி எங்கோ போய்விடும். இரண்டு நான்முகிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி நிற்கும். எட்டு முனை. ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்கு வெள்ளை. கட்டினோம். கையெல்லாம் பசை, பசைக்கு எறும்பு. நளீமா பல்லால் நூல் கடித்து முன்பல் கூசுகிறதென்று ஒரு மணித்தியாலம் முனகல்.

இதிலும் கொஞ்சம் கணக்கு. முகத்தைப் பிடித்துக் கால் சுற்றுச் சுற்றினால் பச்சை நின்ற இடத்துக்கு வெள்ளை வரும், வெள்ளை நின்ற இடத்துக்குப் பச்சை. மூலையைப் பிடித்து மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றினால் பச்சை பச்சையாகவே நிற்கும். இருபத்துநான்கில் பன்னிரண்டு நிறத்தை மாற்றாது, பன்னிரண்டு மாற்றும்.

நளீமா குச்சியைப் பிடித்துக்கொண்டே: "மாத்தினதத் திரும்ப மாத்தினா மாத்தாததுதானே டீச்சர்."

அவள் சொன்னது எத்தனை பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. சந்தோஷம். எழுதிவைக்கிறேன்: சந்தோஷமாக இருந்தேன்.

டிசம்பர் 2, ஞாயிறு

வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது, கடைசியில்.

மண்டப வாசலுக்கு மேலே கட்டினோம். ஏணியில் பள்ளிக்கூடக் காவல்காரர் வாச்சர் காக்கா. "எந்தப் பக்கம் நூலக் கட்டுற டீச்சர்?" எட்டு மூலையும் ஒன்றுதான், எதில் வேண்டுமானாலும் கட்டுங்கள் என்றேன். முனையில் நூல் சுலபமாக நிற்கும். ஒரு முனையில் கட்டித் தொங்கவிட்டார். கடல்காற்றுக்குச் சுழன்றது. பச்சை, வெள்ளை, பச்சை. மண்டபத்தின் மறுகோடியில் நின்று பார்த்தேன். வடிவு.

வீட்டில் வானொலி. லெபனான் செய்தி. பள்ளியில் இப்போது இதே கதைதான் என்றார் வாப்பா. கொழும்பில் அரசாங்கம் இஸ்ரேலுக்குத் தூதரகம் போல ஒரு கந்தோர் கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ஒரு கொதிப்பு. "நாம கத்திறது ஆருக்குக் கேக்கிற" என்று விட்டு வெற்றிலைக்குக் கை நீட்டினார்.

டிசம்பர் 3, திங்கள்

விழா. எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பிரதம விருந்தினர் மில் ஹாஜியார். அரிசி மில்லும் அவருடையது, பள்ளிவாசல் தலைவரும் அவர்தான். மாலை போட்டு அழைத்து வந்தார்கள். வாசலுக்கு நேர் கீழே நின்று செருப்பைக் கழற்றினார், நிமிர்ந்தார். அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பிறகு உள்ளே போனார். பைத்து முடியும் வரை முகத்தில் ஒரு அசைவில்லை. பேச்சை இரண்டு வார்த்தையில் முடித்தார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

ஒரு சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் சாப்பிடும் இடத்தில் இரண்டு பேர், மற்றவர்கள் வாசலடியில். காதில் விழுந்தவை:

"மேல பாத்தியா?"

"மெய்தான்கா, அதுதான். கொடியில இரிக்கிற அதேதான்."

"பச்சையயும் போட்டு."

எல்லோரும் போனபின் ஹாஜியார் நின்ற இடத்தில் போய் நின்றேன். நிமிர்ந்தேன். ஒரு பச்சை முக்கோணம். அதன்மேல் தலைகீழாக ஒரு வெள்ளை முக்கோணம். ஆறு முனை. இஸ்ரேல் கொடியின் நட்சத்திரம், அளந்து வெட்டியது போல, மீலாத் விழா வாசலுக்கு மேலே.

நான்கு வருடம் படித்தேன், நிமிர்ந்து பார்க்கத் தெரியவில்லை. மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால் கீழிருந்து பார்ப்பவன் மூலைவிட்டத்தின் வழியே பார்க்கிறான். அந்த வழியே பார்த்தால் இதுதான் தெரியும். முகத்தின் நடுவைப் பிடித்துக் கட்டியிருந்தால் வெறும் சதுரம். ஒரு சாண் நூல் வேலை.

டிசம்பர் 4, செவ்வாய்

மழை. சோடினையை வாச்சர் காக்கா அறுத்து இறக்கி ஆய்வுகூடத்தில் பூட்டி வைத்திருக்கிறார்.

வகுப்பில் நான்கு பேர். நளீமாவும் பக்கத்து வாங்கில் உட்காரும் பிள்ளையும் இல்லை. வாப்பாமார் மறித்துவிட்டார்கள் என்று சாஹிரா சொன்னாள்.

ஊர்க் கதை, கேட்ட வரிசையில்: பேராதனையில் ஆரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டீச்சருக்கு விசர் பிடித்துவிட்டது. டீச்சருக்குக் கலியாணம் ஆகாததால் இப்படி. கணக்குப் புத்தகத்திலேயே அந்தப் படம் இருக்கிறதாம். இதில் கலியாணக் கதையைச் சொன்னது என் சொந்தச் சாச்சி, உம்மாவின் தங்கை.

வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயம். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டார்.

டிசம்பர் 5, புதன்

பெரிய டீச்சர் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் மசூறா, ஊர்க்கூட்டம். பிள்ளைகளின் வாப்பாமார், மரைக்கார்மார், எல்லோரும். கணித வகுப்பு இருப்பதா இல்லையா என்பதையும் அங்கேதான் பேசப்போகிறார்கள்.

"நான் வந்து விளங்கப்படுத்தட்டா டீச்சர்? அஞ்சு நிமிசம் போதும். திருப்பிக் காட்டினா விளங்கும்."

"பொம்புள எப்பிடிகா பள்ளி மசூறாவுக்குப் போற? ஒங்கட வாப்பா அங்கதானே இரிப்பார். அவருக்கிட்டச் சொல்லி விடுங்க."

பெரிய டீச்சரும் போக முடியாது, அதிபராக இருந்தாலும். என்னைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்கு என்னைத் தவிர ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் போவார்கள். ஆத்திரம் வந்தது. மேசையில் இருந்த சோக் பெட்டியை அடுக்கினேன், குலைத்தேன், அடுக்கினேன்.

சாஹிரா வாசலில் காத்திருந்தாள். "வகுப்பு இரிக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். எந்த முகத்தோடு சொன்னேனோ.

டிசம்பர் 6, வியாழன்

பெரிய டீச்சரிடம் ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு வாங்கி, சோடினையைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு குச்சி முறிந்திருந்தது, கட்டினேன்.

அசருக்குப் பிறகு வாப்பாவை விறாந்தையில் இருத்தி, முன்னால் வைத்தேன். அவர் முதலில் தொடவே இல்லை.

"வாப்பா, நீங்க ஒண்டு மட்டும் சொன்னாப் போதும். கட்டின விதம் பிழை. நடுவுல புடிச்சிக் கட்டியிருந்தா சதுரம்தான் தெரியும். அவ்வளவுதான். இப்பிடிப் புடிச்சிக் காட்டுங்க, முடிச்சிருங்க."

காட்டினேன். சதுரம். வாப்பா குனிந்து பார்த்தார். கையில் வாங்கினார்.

"மெய்தான் மகள். சதுரம்தான். அப்ப அது எங்க போன?"

"எது?"

"அந்த நட்சத்திரம்."

இங்கே நிறுத்தியிருக்கவேண்டும். சதுரத்தோடு சாக்கில் போட்டுக் கட்டியிருக்கவேண்டும். ஆனால் அவர் கேட்டுவிட்டார். எனக்கு இத்தனை வயதாகிறது, நான் படித்ததைப் பற்றி வாப்பா கேட்ட முதல் கேள்வி. மூலையைத் திருப்பிக் காட்டினேன். அவரே மற்ற மூலையைத் திருப்பினார். அதிலும் வந்தது. இன்னொன்று, அதிலும். வயலில் வரம்பு பார்ப்பவர் போல ஒவ்வொரு மூலையாகப் போனார்.

"எல்லாத்திலயும் வருது புள்ள."

"ஓம் வாப்பா. எட்டு மூலையும் ஒண்டுதான். இது உசத்தி, அது குறைவு எண்டு ஒரு மூலையும் இல்ல. அதுதான் இதுட வடிவு."

கால் சுற்றில் பச்சையும் வெள்ளையும் மாறுவதையும் அவரே கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "வயசு போன காலத்தில வெளையாட்டு" என்றாள். வாப்பா சிரித்தார். திங்களுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பள்ளியில் கை கால் கழுவும் ஹவுழடித் தரைக் கல்லிலும் இதே ஆறு மூலைப் பூ இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "வேணாம் மகள். மறுகா தரையையும் கொத்திப் போடுவாங்க."

நாளைக்கு அங்கே என்ன சொல்லவேண்டும் என்று ஒருதரம் சொல்லிக் காட்டச் சொன்னேன். சரியாகச் சொன்னார். கட்டின விதம் பிழை, சதுரம், முடிந்தது. நிம்மதி.

டிசம்பர் 7, வெள்ளி

ஜும்ஆவுக்கு வாப்பா வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. சோடினையைச் சாக்கோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மழை தூறல். குடையை அதற்குப் பிடித்தார், தனக்கில்லை.

காத்திருந்தபோது செய்தவை: அரிசி பொறுக்கினேன். பத்தாம் வகுப்புக் கொப்பிகள் திருத்தினேன். ஒரு கொப்பியை இரண்டு தரம் திருத்தியிருக்கிறேன். கேற்றடிக்குப் போனேன், வந்தேன், போனேன். உம்மா: "இரிபுள்ள, நீ நடக்கிறதால மசூறா முடியாது."

அசர் பாங்குக்குப் பிறகு வந்தார். கையில் சாக்கு மட்டும். கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டார். பிறகு அவராகவே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

முதலில் எல்லாம் நல்லபடி. சதுரத்தைக் காட்டினாராம். பார்த்தார்களாம். "கட்டின விதம்தான் பிழை, புள்ளைக்கு வேற நினைப்பில்ல" என்றாராம். இரண்டொருவர் தலையாட்டினார்களாம். அப்போது ஹாஜியார் கேட்டிருக்கிறார்: "அப்ப அந்த ஒரு மூலையில மட்டுந்தானா மரைக்கார் அது தெரியிற?"

வாப்பா பொய் சொல்லமாட்டார். அதுவும் பள்ளிக்குள் இருந்து. அதைவிட, அவருக்கு விடை தெரியும்.

"இல்ல ஹாஜியார், எட்டு மூலையிலயும் தெரியும். ஒண்டு கூடக் குறையாது. அதத்தான் என்ட மகள் பேராதனையில படிச்ச" என்றாராம். ஒவ்வொரு மூலையாகத் திருப்பித் திருப்பிக் காட்டினாராம். பள்ளிக்குள் எட்டுத் தரம்.

பிறகு இன்னொருவர் கேட்டாராம், பச்சை இருக்கிற இடத்துக்கு வெள்ளை வருமா என்று. வரும், கால் சுற்றுப் போதும், பச்சை விட்டுக் கொடுத்திரும் என்று சுற்றிக் காட்டினாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"மறுகா என்ன வாப்பா?"

சோடினையை அங்கேயே முறித்து எரித்தார்களாம். மரைக்கார் மகள் என்பதால் டீச்சர்மேல் பேச்சு வேண்டாம், அவ அறியாமச் செய்தது என்று ஹாஜியாரே சொன்னாராம். ஆனால் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு வேண்டாம். இருக்கிற பிள்ளைகள் கலைக்கு மாறட்டும். சரியென்பவர் கையை உயர்த்தச் சொன்னார்களாம்.

"நீங்க?"

"நானும் உயர்த்தினன் மகள். மரைக்கார் எண்டா ஊரோட நிக்கணும்."

மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டார். சோறு வேண்டாமாம்.

டிசம்பர் 8, சனி

இன்று ஒன்றும் செய்யவில்லை. அதையும் எண்ணவேண்டும்.

டிசம்பர் 9, ஞாயிறு

யாரில் கோபப்படுவது என்று காலையிலிருந்து தேடுகிறேன். ஹாஜியாரிலா? அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். கேள்வியும் நல்ல கேள்வி. ஒரு மூலையில் தெரிந்தால் மற்றவற்றில் தெரியுமா? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன். வாப்பாவிலா? அவர் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னில்? ஓம், என்னில். ஆனால் நான் படிப்பித்ததும் பிழை இல்லை. ஒரு மூலையில் மட்டும் தெரிகிற மாதிரி அந்த வடிவத்தை யாராலும் செய்ய முடியாது, நானே நினைத்தாலும்.

வாப்பா இன்றும் அரைவயிறு. விறாந்தையில் இருந்து கையை வெறுமனே திருப்பிக்கொண்டிருக்கிறார், எதையோ பிடித்திருப்பது போல. பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

பேராதனைக்கே திரும்பிப் போனால் என்ன என்று ஒரு நினைப்பு. உம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னேன். "பாதையெல்லாம் ஆமி செக்கிங், நீ எங்க போற" என்றாள். அத்தோடு முடிந்தது.

டிசம்பர் 10, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை.

வகுப்பில் சாஹிரா மட்டும். தனியாக ஒரு வாங்கில், புத்தகம் விரித்தபடி. அவளுடைய வாப்பாவுக்கு இன்னும் மசூறாச் சேதி போகவில்லை, வள்ளத்தோடு கோமாரிப் பக்கம் போனவர் நாளைதான் வருகிறாராம். "அதால இண்டைக்கு வரலாம் டீச்சர், நாளைக்குத் தெரியா" என்றாள். இரண்டு பாட நேரமும் எடுத்தேன். இருபதுமுகியின் திருப்பல்கள். அறுபது என்றாள். சும்மா விடுவதையும் சேர்த்து எண்ணியிருந்தாள்.

பெரிய டீச்சர் ஜனவரி நேரசூசியைக் காட்டினார். எனக்கு ஆறாம் ஏழாம் வகுப்பு எண்கணிதமும் மனையியலும். "மனம் விட்ராதீங்க" என்றார். தேநீர் வரவழைத்துத் தந்தார். நல்ல மனுசி. அவராலும் ஆகாது. குடித்தேன்.

வாப்பா வட்டையிலிருந்து வந்தார், முழங்கால் வரை சேறு. கிணற்றடியில் கழுவிக்கொண்டே கூப்பிட்டார். தண்ணீர் அள்ளி ஊற்றினேன். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் அண்டைக்குச் சொன்னதில எது மகள் பிழைச்ச? மெய்யச் சொல்லு."

வாளியைக் கீழே வைத்தேன். சதுரம், சரி. எட்டு மூலை, சரி. கால் சுற்று, சரி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு பிள்ளையின் விடையைத் திருத்துவது போல. எங்காவது ஒரு பிழை இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. இல்லை.

"ஒண்டும் பிழைக்கல்ல வாப்பா. எல்லாம் சரி."

"ஒண்டும்?"

"ஒண்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கு அந்தப் பயந்தான் புள்ள. ஒன்ட படிப்ப நான் பிழையாச் சொல்லித்தான் வகுப்புப் போச்சோ எண்டு."

உள்ளே போய் உம்மாவிடம் சோறு கேட்டார். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.